முதுகில் ஒரு மச்சம்

எங்கள் டாக்டர் அம்மா தோல் புற்றுநோயை அறுத்தெடுப்பவர். டாக்டர் படிப்பு, பிறகு தோல் படிப்பு, அதற்கும் மேலே இந்த அறுவைக்கென்று தனிப் பயிற்சி என்று பாதி ஆயுசு போய்விட்டது. கூடப் படித்தவர்கள் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சுகிறார்கள். இவர் மெல்லிய அடுக்காகச் சீவி, அதைத் தானே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். ஓரத்தில் நோய் மிச்சமிருந்தால் இன்னொரு அடுக்கு. அதுவரை நோயாளி வெளியே கட்டோடு காத்திருப்பார். இவரைப் போய் ‘பரு டாக்டர்’ என்கிறார்கள்! கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அன்று ஒரு பெரியவருக்கு மூக்கில் அறுவை. சலவைக்குப் போன உடுப்பு வராததால், டாக்டர் தொளதொளவென்று ஒரு சட்டையை மாட்டியிருந்தார். மேலங்கியின் முடிச்சைப் பின்னாலிருந்து போடுவது நர்ஸான என் வேலை. சட்டை சரிந்த இடத்தில், முதுகில் கறுப்பாக ஒரு மச்சம். ஓரமெல்லாம் கோணல், இரண்டு நிறம். புற்று மச்சத்தின் அடையாளம். ஆனாலும் கத்தி பிடிக்கப் போகிறவரிடம் எப்படிச் சொல்வது? கடைசித் தையல் விழும்வரை வாயைத் திறக்கவில்லை.

“டாக்டர், உங்க முதுகுல ஒரு மச்சம். பார்க்க நல்லா இல்ல.”

“எவ்வளவு நாளா இருக்கு?”

“என்னைக் கேட்டா? முதுகு உங்களோடது!” பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

“எனக்கு எப்படிக்கா தெரியும்? பார்த்துச் சொல்ல வீட்ல யாரு இருக்கா?”

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாளே ஜூனியர் டாக்டர் அதை வெட்டியெடுத்தார். “ஸ்லைடை நானே பார்க்கிறேனே” என்று இவர் கெஞ்ச, “வேண்டாம் மேடம்” என்று அவர் பிடிவாதமாக வேறு லேபுக்கு அனுப்பிவிட்டார். முடிவு வரும்வரை டாக்டர் வழக்கம்போல ஊராரின் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டை மட்டும் தொடவில்லை.

புற்றுநோய்தான். ஆனால் மேல்தோலோடு நின்றிருந்தது. “சுத்தி இன்னும் கொஞ்சம் வெட்டினா போதும், மேடம். தப்பிச்சீங்க!” என்றார் ஜூனியர். பிறகு தயங்கினார். “இனிமே மாசாமாசம் யாராவது முதுகைப் பார்க்கணும்.”

“நான் எதுக்கு இருக்கேன்? நான் பார்க்கிறேன்” என்று முந்திக்கொண்டேன்.

டாக்டர் என் கையைப் பிடித்தார். “நீங்கதான் அடுத்த மாசம் ரிட்டயராகி, பொண்ணு வீட்டோட இருக்கப் போறீங்களே அக்கா.”