முட்டையை எழுப்புகிறவள்

கருத்தரிப்பு ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தால் முதலில் பறிபோவது வாசனை. மல்லிகையும் சந்தன சோப்பும் ஊதுபத்தியும் மணக்கிற மைசூரில், பூ வைக்காமல், பவுடர் போடாமல், செத்த எலுமிச்சம்பழம் மாதிரி பஸ் ஏறுகிறவள் நான். அந்த மணமெல்லாம் கருவுக்கு ஆகாது. ஏ.சி. குளிரில் நடுங்கிக்கொண்டு வேலை பார்க்கும் சகோதரிகளே, நீங்களாவது பூ வைத்துக்கொண்டு நடுங்குகிறீர்கள்!

பூக்காரம்மாவின் கோபம்

மண்டி மொஹல்லா முனையில் ஒரு பூக்காரம்மா. தினமும் என் மொட்டைப் பின்னலைப் பார்த்து உச்சுக் கொட்டுவார். ஒருநாள் தாங்காமல், கன்னடம் கலந்த தமிழில், "ஐயோ பாவம், இத்தனை சின்ன வயசுலயா?" என்று கண் கலங்கிவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்கூட்டரில் என்னை இறக்கிவிட வந்த என் வீட்டுக்காரரைக் காட்டி, "இதோ, குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரே!" என்றேன்.

அந்தம்மாவின் துக்கமெல்லாம் ஒரே நொடியில் கோபமாகிவிட்டது. "சும்னே நிக்கிறீங்களே சார், பொண்டாட்டிக்கு ஒரு மொழம் வாங்கித் தர வக்கில்லையா?"

எட்டும் தூங்கியது

தமிழ்நாட்டு எல்லையோர ஹனூரிலிருந்து குமரேசனும் செல்வியும் வந்தார்கள். அவர் மக்காச்சோளம் போடுகிறவர், சொந்தமாக டிராக்டர் உண்டு. கல்யாணமாகி ஆறு வருஷம். ஆறு வருஷமும் மாமியாரிடம் பேச்சு வாங்கியது செல்விதான். இந்தத் தடவையும் ஆகவில்லை என்றால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பதாகச் சொல்லியே அனுப்பியிருந்தாராம் அந்த அம்மாள்.

செல்வியின் எட்டு முட்டைகளிலும் ஆளுக்கொரு விந்தணுவை ஊசியால் நானே வைத்தேன். மறுநாள் காலை பார்த்தால் எட்டும் கருவாகாமல் வைத்தது வைத்தபடி கிடக்கின்றன. டாக்டர் மேற்கொண்டு பரிசோதனைகள் செய்து காரணத்தைக் கண்டுபிடித்தார். விளக்கிச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

"உள்ளே போயிட்டா மட்டும் போதாதுங்க" என்றேன். விந்தணு தன்னோடு ஒரு புரதத்தைக் கொண்டுபோகும். அதுதான் முட்டைக்குள் இருக்கிற கால்சியத்தைக் கிளப்பிவிடும். கால்சியம் மணிக்கணக்கில் அலை அலையாக ஏறி இறங்கும். அப்போதுதான் முட்டை கண் விழித்து, கருவாகிற வேலையில் இறங்கும். குமரேசனின் விந்தணுவில் அந்தப் புரதம் சரியாக இல்லை. அடுத்த முறை விந்தணுவை ஊசியால் வைத்ததும், கால்சியத்தை ஏற்றிவிடும் திரவத்தில் முட்டைகளைப் பத்து நிமிஷம் வைத்து நாமே எழுப்பிப் பார்க்கலாம்.

குமரேசன் தாடையைச் சொறிந்தார். "அப்ப சாவி உள்ள போயிருச்சு, திருப்பத்தான் ஆளில்லீங்களா?" நான் படித்த படிப்புக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "சாவி ஆருதுன்னு எங்க அத்தைகிட்ட ஆராச்சும் சொல்லிப்போடுங்க மேடம்!"

வாசலில் ஒரு கட்டு ஊதுபத்தி

இரண்டாம் முறை மாமியாரும் கூடவே வந்துவிட்டார். ஒன்பது முட்டைகள் எடுத்தோம். ஊசி போடப் போகிற நேரத்தில் ஆய்வக வாசலில் புகை! அம்மாள் ஒரு கட்டு ஊதுபத்தியை மொத்தமாகக் கொளுத்தி, கதவுக்கே ஆரத்தி எடுத்துக்கொண்டிருக்கிறார். ஓடிப்போய்ப் பிடுங்கி வாளித் தண்ணீரில் முக்கினேன்.

"சாமிக்கே தடையா? இவ வவுறு ராசி தெரிஞ்சுதான் நான் வந்ததே!" என்று செல்வியைக் கை காட்டினார். செல்வி தரையைப் பார்த்தாள். குமரேசன் எழுந்தார். "அம்மா, அவளைப் பேசாத. கோளாறு எங்கிட்ட. முட்டையை எழுப்புற சத்து என்கிட்டத்தான் இல்ல."

அம்மாள் மகனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பள்ளிக்கோடம் போறதுக்கு இவனையே நான் தண்ணி ஊத்தித்தான் எழுப்போணும் அம்மிணி, இவனெங்க இன்னொண்ண எழுப்பறது!" என்றார்.

இரண்டு வட்டம்

அன்று ஊசி போட்டு, ஒன்பதையும் அந்தத் திரவத்தில் பத்து நிமிஷம் வைத்தெடுத்தேன். மறுநாள் காலை கையைப் பிசைந்துகொண்டே நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். முட்டைக்குள் இரண்டு சின்ன வட்டம் தெரிந்தால் எழுந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்று தாயுடையது, ஒன்று தகப்பனுடையது. முதல் முட்டையில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் இரண்டு வட்டம்! ஒன்பதில் ஐந்து எழுந்துவிட்டன. அழுதேன் என்று சொல்ல எனக்கென்ன வெட்கம்?

வெளியே வந்து, காத்திருந்த மூவரிடமும் சொன்னேன். கரு வயிற்றில் தங்குமா என்பது இனிமேல்தான் தெரியும் என்றும் எச்சரித்தேன். அம்மாள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்த மல்லிகையை எடுத்தவர், என் முறைப்பைப் பார்த்துவிட்டு, மருமகளின் கையைப் பிடித்து வாசல் கேட்டைத் தாண்டி வெளியே கூட்டிப்போனார். "ஆறு வருசமா ஆள் தெரியாம வைஞ்சுபோட்டேன் கண்ணு, திரும்பு, பூ வெச்சுடறேன்."

முட்டையை எழுப்பப் பத்து நிமிஷம் போதும், மாமியாரை எழுப்பத்தான் ஆறு வருஷம் ஆகிறது.