மூன்றாவது ஓலை

தொண்ணூற்று நாலோ ஐந்தோ இருக்கும். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே தாமிரபரணிக் கரையில் ஒரு கிறிஸ்தவ ஊர். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான். உப்பளம், பரோட்டாக் கடை, லாரி என்று எதிலும் நிலைக்கவில்லை. அப்போது ஒரு கல்யாண வீட்டில் வெள்ளையடிக்கும் வேலை கிடைத்தது. வேலை முடியும்வரை அங்கேயே சாப்பாடு, மாட்டுக் கொட்டகையில் படுக்கை. அதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொண்டிருந்த எனக்கு அது சௌகரியம்தான்.

வீட்டுக்காரர் வாழைத்தார் வியாபாரி. ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். சர்ச்சை அங்கே கோயில் என்பார்கள்; அந்தக் கோயில் கமிட்டியிலும் இருந்தார். மாப்பிள்ளை அவருடைய ஒரே மகன், மெட்ராஸில் வேலை. பெண் அதே ஊர்.

அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்லக் காரணம் இருந்தால் சொல்லலாம் என்று, ஊரார் ஐயர் என்று கூப்பிடும் போதகர் கேட்பார். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இந்த வீட்டுக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது.

மூன்றாவதற்கு முந்தின நாள் மத்தியானம், ஏணியில் நின்று பின்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு உள்ளே அப்பாவும் மகனும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குப் பொம்பளைங்க மேல மனசு போகலப்பா. ஆம்பளைங்க மேலதான் போவுது. அந்தப் புள்ளையக் கட்டிக்கிட்டு அதுக்கு நான் என்ன செய்ய?"

அண்ணாச்சி கேட்டார். "ஜெபம் பண்ணுனியாலே?"

"பள்ளிக்கூடத்துல படிக்கும்போதிருந்து பண்ணுதேன். உபவாசம் இருந்தும் பண்ணிட்டேன். மாறலப்பா. கோயில்ல நின்னு பொய்ச் சத்தியம் பண்ணணுமேன்னு நெனச்சா செத்துரலாம் போல இருக்கு."

அடி விழப்போகிறது என்று நினைத்தேன். இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் என் அப்பா என்னை அடித்திருக்கிறார். அண்ணாச்சி கையை ஓங்காமல் வெளியே வந்தார். ஏணியில் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"கேட்டீரா வே?"

"கேட்டேன் அண்ணாச்சி."

"உம்ம வாயில இருந்து வெளிய வரப்பிடாது."

அப்படியே ஆற்றுப் பக்கம் நடந்து போனவர், விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கோயிலுக்குப் போய்க் கடைசியில் உட்கார்ந்தேன். பக்தியெல்லாம் இல்லை. ஆராதனை முடிந்தால்தான் அந்த வீட்டில் சாப்பாடு. போதகர் ஓலையை வாசித்தார், வழக்கமான கேள்வியைக் கேட்டார், காகிதத்தை மடிக்கப் போனார். அப்போது அண்ணாச்சி எழுந்து நின்றார்.

"ஐயரே, நான் தடை சொல்லுதேன்."

தன் மகன் கல்யாணத்துக்குத் தானே தடை சொன்ன தகப்பனை அந்த ஊர் அதுவரை பார்த்திருக்காது. போதகர் தடுமாறிப்போய்க் காரணம் கேட்டார்.

"எம் மவனுக்குச் சம்மதமில்ல. அவனக் கேக்காம நாந்தான் முடிவு பண்ணுனேன். ஆண்டவர் சந்நிதியில அவனப் பொய் சொல்ல வைக்க என்னால ஆவாது. அந்தப் புள்ளை மேல ஒரு குத்தமும் இல்ல. தப்பு என்னுது."

பெண் வீட்டார் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"நகை பத்தலையோ அண்ணாச்சிக்கு?" என்று ஒரு குரல். "மெட்ராஸ்ல பெரிய இடமாப் பாத்துட்டாரு வே!" என்று இன்னொன்று. கோயிலுக்குள்ளேயே சிரிப்பு. உண்மையை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பழியிலிருந்து அவர் தப்பித்திருக்கலாம். அவர் சொல்லவில்லை. மகன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

மத்தியானம் அவர் தனியாகப் பெண் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனார். வாசலிலேயே நிறுத்தி ஏசி அனுப்பினார்களாம்.

சாயங்காலம் குடும்ப ஜெபம். நான் முற்றத்தில் இருந்தேன். உள்ளே அண்ணாச்சியின் குரல் கேட்டது. "ஆண்டவரே, இவன் நீர் தந்த பிள்ளை. எனக்கு இது விளங்கல. விளங்கலேங்கதுக்காக இவன வெறுக்காம இருக்க எனக்குக் கிருபை தாரும்." மகன் தேம்பித் தேம்பி அழுதான். காலையிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத அவன் அம்மாவின் ஆமென் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் வந்தது.

மறுநாள், இனி இங்கே என்ன வேலை என்று மூட்டையைக் கட்டினேன். அண்ணாச்சி பார்த்துவிட்டார். "எங்கன போறீரு வே? கல்யாணம் நின்னா வீடு அழுக்காவே கெடக்கணுமா? முன்சுவர அடியும்." நான் அடித்தேன்.

அதற்குப் பிறகும் எத்தனையோ ஊர் திரிந்துவிட்டேன். வேதம் எனக்குத் தெரியாது, எந்தச் சாமியையும் பெரிதாகக் கும்பிட்டவனும் இல்லை. ஆனால் மகன் பெயர் கெடாமலிருக்கப் பேராசைக்காரன் என்ற பெயரைத் தானே வாங்கிக்கொண்டு, அத்தனை பேர் சிரிப்புக்கும் நடுவில் அந்த மனிதர் கைகூப்பி நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.