இடப்பக்கப் பாறை

பெங்களூரில் எங்கள் அலுவலகத்துக்கு நான்தான் மேனேஜர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகச் சாவனதுர்கா மலை ஏறினோம். பாதியில் வழி பிரிந்தது. இடப்பக்கம் செங்குத்தான மொட்டைப் பாறை. வலப்பக்கம் புதர்களைப் பிடித்து ஏறும் சுற்றுவழி.

“லெஃப்ட்லயே போலாம்” என்று முன்னால் ஏறினேன்.

கொஞ்ச தூரத்தில், பின்னால் வந்த ஸ்டெல்லா உட்கார்ந்துவிட்டார். “சார், பயமா இருக்கு. ரைட்ல போலாமா?”

எல்லோரும் சிரித்தார்கள். “வீட்லயே இருந்திருக்கலாம்ல?” என்று நானும் கிண்டலடித்துவிட்டு இறங்கி, வலப்பக்கச் சுற்றுவழியில் ஏறினேன்.

உச்சியில், “அவ்ளோ பயமா?” என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

“எனக்கில்ல சார். உங்க கால் நடுங்கிச்சு. நீங்களா சொல்ல மாட்டீங்க” என்றார் மெதுவாக.

இறங்கும்போது யாரோ பாறை வழியாகப் போகலாம் என்றார்கள். “எனக்கு பயமா இருக்கு” என்றேன். சிரித்தவர்களில் ஸ்டெல்லா இல்லை.