வாளியில் கொதித்த சுண்ணாம்பு

மருந்தடித்த காய்கறி என்றால் எனக்குப் பயம். கத்திரிக்காயை மஞ்சள்தூள் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, மோந்து பார்த்து, அதற்குப் பிறகும் அரை மனதோடு தின்கிற ரகம் நான். "இந்தப் பேடிக்கு நீங்க பட்டினி கிடக்கலாம்" என்பாள் என் மனைவி. அவள் திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி. பேச்சில் பாதி மலையாளம்; பேடி என்றால் அதில் பயம். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே ஒட்டிக்கொண்டவன்.

நகரத்தை ஒட்டிய கழக்கூட்டம் என்ற ஊரில், எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் வெற்றிடம் கிடந்தது. போன வருஷம் மழை ஓய்ந்ததும், உரக்கடை மூட்டை எதையும் தொடாமல் அதில் வெண்டையும் கத்திரியும் போடுவது என்று கிளம்பினேன். சிவந்த சரளை மண். கொத்தினால் மண்வெட்டி ணங்கென்று திரும்பி வந்தது. ஒரு வாரம் கொத்திக் கல் பொறுக்கினேன். இனி சருகும் சாணமும் போட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டுச் சேச்சி மதில் மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தார். அவர் வீட்டில் பாகல் பந்தல் தரை தொடக் காய்த்திருக்கும். "இந்த மண்ணுக்குப் புளிப்பு உண்டு. ஆத்யம் கும்மாயம் இடணும். ரண்டாழ்ச கழிஞ்ஞு மதி சாணகம்" என்றார். கும்மாயம் என்றால் சுண்ணாம்பு. அதை முதலில் போட்டு, சாணத்துக்கு இரண்டு வாரம் பொறுக்கவேண்டுமாம். எங்கள் ஊர்க் கரிசலில் யாரும் சுண்ணாம்பு போடச் சொல்லமாட்டார்கள். அங்கே அது சுவருக்கும் வெற்றிலைக்கும்தான். வெற்றிலையில் தடவித் தின்கிற பொருள் யாரை என்ன செய்துவிடப் போகிறது? பயப்படவேண்டிய இடத்தில் மட்டும் எனக்குப் பயம் வரவில்லை.

கடையில் நீற்றிய பொடியே இருந்தது. அதில் என்ன கலந்திருப்பார்களோ என்று சந்தேகப்பட்டுச் சுட்ட சிப்பியாகவே வாங்கி வந்தேன். லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுத் தள்ளி நிற்கவேண்டும் என்று சேச்சி சொன்னார். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடித்த வீட்டுப் பிள்ளைக்குச் சுண்ணாம்பு நீற்றத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை காலை சிப்பியைப் பிளாஸ்டிக் வாளியில் கொட்டி, ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தேன். கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு உறுமியது. ஆவி எழும்பி, உலை மாதிரி கொதித்து, வாளி ஒரு பக்கம் இளகி வளைந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்த மனைவி, "எந்தா இது?" என்று குனிந்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளே ஏதோ வெடித்துத் தெறித்தது.

அவள் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். விரலிடுக்கில் வெள்ளையாக வழிந்தது. "ஏங்க, எரியுது. இந்தக் கண்ணு காணல்ல" என்றாள்.

வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் அவள். ஊசியில் நூல் கோக்க ஒரு நாளும் என்னைக் கூப்பிட்டதில்லை. அந்தக் கண் போய்விட்டது என்றே நினைத்தேன். 

குழாயடியில் ஒரு செம்பு தண்ணீர் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன். ஊற்றவில்லை. தண்ணீர் பட்டுத்தானே சுண்ணாம்பு கொதித்தது? ஊற்றினால் கண்ணும் கொதிக்காதா? வெற்றிலைச் சுண்ணாம்பு வாயைச் சுட்டால் தேங்காயெண்ணெய் தடவுவது ஞாபகம் வந்து, அடுக்களைப் பக்கம் ஓரடி வைத்தேன். அதுவும் தப்பாகிவிட்டால்? திரும்பி வந்தேன்.  "எதாவது செய்யுங்களேன்" என்றாள். நின்றுகொண்டே இருந்தேன்.

சேச்சிதான் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். "வெள்ளம் ஒழிக்கு! நோக்கி நிக்காதே!" என்று, தண்ணீரை ஊற்றாமல் பார்த்துக்கொண்டு நின்ற என்னைத் திட்டி ஒதுக்கிவிட்டு, ஹோஸை இழுத்து, அவள் இமையை விரலால் விரித்துப் பிடித்துத் தண்ணீரை விட்டார். கண் கொதிக்கவில்லை. ஆட்டோ வரும்வரை அவர் நிறுத்தவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் மறுபடி கழுவி, இமைக்குள் ஒட்டியிருந்த துணுக்குகளை எடுத்தார்கள். கருவிழி வெந்திருக்கிறது, பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த வாரங்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. தினமும் விடிந்ததும் அவளுடைய நல்ல கண்ணைப் பொத்தி, என்ன தெரிகிறது என்று கேட்பேன். முதலில் வெளிச்சம் என்றாள். பிறகு நிழல். ஒரு நாள், "உங்க மூக்கு. நல்லாத்தான் தெரியுது, போதும்" என்றாள். அடுக்களைக்குப் போய் அழுதேன்.

கடைசியாகப் போனபோது பலகையில் அடிவரிசை எழுத்துவரை வாசித்தாள். டாக்டருக்கே சந்தோஷம். உடனே கழுவியதால்தான் இந்தக் கண் தப்பித்தது என்று சொல்லி, யார் தண்ணீர் ஊற்றியது என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன், "இவருதான்" என்றாள் அவள். "அப்பவே வெள்ளம் ஒழிச்சாரு."

டாக்டர் என் தோளில் தட்டினார். நான் மறுக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவளிடம் இதுவரை கேட்கவும் இல்லை. கேட்கப் பயம். அன்று சுண்ணாம்பு தெறித்தது ஒரு கண்ணில்தான். செம்போடு நின்ற என்னை அவள் மற்றக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தாள்.