காந்தம் ஒட்டாத போல்ட்

போன இலையுதிர்காலத்தில் குளிக்கும் துறையின் மரக் கைப்பிடி கையோடு பிய்த்துக்கொண்டு வர, ஆர்ன்ட் பாறைமேல் விழுந்து இறந்துபோனார். அன்றிலிருந்து அவர் மனைவி பொர்ஹில்லுக்கு எதுவும் உறைக்கவில்லை. மீனை வேகவைப்பாள், தின்பாள், உப்புப் போட்டாளா என்று அவளுக்கே தெரியாது. ஊரே வந்து அழுதுவிட்டுப் போனது. இவள் எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

துறையைக் கட்டியவர் பக்கத்து வீட்டு தூர்லைவ். பழி அவர் தலையில் விழுந்தது. நார்வேயின் இந்தத் தீவில் முகத்துக்கு நேரே யாரும் திட்டமாட்டார்கள். காபி ஊற்றும்போது அவர் கோப்பையை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள். அதற்கு நாலு வார்த்தை திட்டியே தொலைக்கலாம்.

ஆனால் அந்தக் கைப்பிடியை இறுக்கியிருந்த போல்ட்டுகளை வாங்கி வந்தது ஆர்ன்ட். இங்குள்ள படகுக்காரர்கள் சட்டைப்பையில் காந்தத்தோடுதான் கடைக்குப் போவார்கள். காந்தம் ஒட்டாவிட்டால் கடலுக்குத் தாங்கும் என்பது அவர்கள் வேதவாக்கு. உப்புக்காற்றில் அரித்துப்போகும் மலிவு எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாதே என்று தூர்லைவ் அன்றே சொன்னார். "போய்யா, காந்தம் பொய் சொல்லுமா?" என்று ஆர்ன்ட் சிரித்தார்.

வசந்தத்தில் ஊர் கூடித் துறையைச் செப்பனிட்டது. வழக்கம்போல் கூலி கிடையாது, காபியும் வாஃபிளும்தான். முன்னால் நின்று வேலையை நடத்தியவன் ஒட்வர் என்ற படகுக்காரன்.

"நீங்க பலகை தூக்குங்க தூர்லைவ், போதும். போல்ட்டை நாங்க பாத்துக்கறோம். நீங்க வாங்கின லட்சணம்தான் தெரிஞ்சுபோச்சே."

தூர்லைவ் பலகையைத் தூக்கினார். ஒட்வர் காந்தத்தை எடுத்துப் புதுப் போல்ட்டில் வைத்தான். ஒட்டவில்லை. "பாத்தீங்களா, அசல் சரக்கு!"

பொர்ஹில் காபி ஜாடியைக் கீழே வைத்தாள். கழற்றிப் போட்ட குவியலிலிருந்து முறிந்த போல்ட் ஒன்றைப் பொறுக்கினாள். தலை பளபளவென்றிருந்தது. மரத்துக்குள் இருந்த பாகம் பூச்சி அரித்த பல் போல இருந்தது.

"கொண்டா அந்தக் காந்தத்தை."

அதிலும் ஒட்டவில்லை.

"இப்படிப் பாத்துத்தான் எங்க வீட்டுக்காரர் வாங்கினாரு. இவரு இல்ல. இவரு வேணாம்னு சொன்னாரு, நானும் பக்கத்துல நின்னு சிரிச்சேன். உன் போல்ட்டுத் தலையில என்ன அடிச்சிருக்கு, படி."

ஒட்வர் திருப்பிப் பார்த்தான். "ஏ2."

"அது மலிவு எவர்சில்வர். கடலுக்குத் தாங்கற ரகம் ஏ4. இன்னொருத்தியும் என்னை மாதிரி நிக்கணுமா?"

ஒட்வர் போல்ட் பெட்டியை மூடினான்.

பொர்ஹில் தூர்லைவிடம் போனாள். "ஊரே உங்களை ஒதுக்கிச்சே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"ஆர்ன்ட்டோட நல்ல பேரு ஒண்ணுதாம்மா உங்கிட்ட மிச்சம் இருந்துச்சு. அதையும் எப்படிப் பிடுங்குவேன்?"

அவள் அவர் கோப்பையில் காபி ஊற்றினாள். கோப்பை நிறைந்து வழிந்து அவள் விரலில் கொட்டியது. சுட்டது. ஆர்ன்ட் போன பிறகு முதன்முதலாக ஏதோ ஒன்று அவளைச் சுட்டது. அந்த ஈரப் பலகையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.