கிளிப்பச்சை வேஸ்ட்

"நாலு பேரு கை வச்சுக் கொதறுன பொறவுதான் எங்கிட்ட கொண்டாரான்."

இசக்கிசெல்வி இதைச் சொல்லாத நாளே கிடையாது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஒரு தடவை, டீ வந்ததும் ஒரு தடவை, எந்த வண்டியின் பானெட்டைத் திறந்தாலும் கண்டிப்பாக ஒரு தடவை. சங்கரன்கோவிலில் கார் வைத்திருக்கிற பாதிப் பேருக்கு இந்த வசனம் மனப்பாடம். அவள் வாயைத் திறக்குமுன்பே, அவளைப் போலவே மூக்கைச் சுளித்து, கையைத் துடைக்கிற மாதிரி பாவனை பண்ணி, சொல்லிக் காட்டுகிறவர்களும் உண்டு. அவள் சிரிக்க மாட்டாள். "நல்லா சொல்லுங்க. நடு ரோட்டுல வண்டி நிக்கும், அப்பவும் மறக்காம சொல்லுங்க" என்பாள்.

கடைசி ஆளாக அவளிடம் வருவதற்குக் காரணம் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் தங்கப்பழம் அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தாள். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்த வகுப்பில் முப்பது மீசைக்கு நடுவே ஒற்றைச் சடையாக உட்கார்ந்து தேறி வந்தவள். ஒரு நாள் குழந்தை டாக்டர் ரைஹானாவின் கார் சர்வீஸுக்கு வந்தது. செல்வி பிரேக் பார்த்தாள், அண்ணாச்சி இன்ஜின் பார்த்தார். குழாயைக் கழற்றினால், திறந்த வாய்க்குள் நட்டு போல்ட்டு விழாமல் இருக்கக் கொஞ்சம் வேஸ்ட்டைத் திணித்து வைப்பது அவர் பழக்கம். வேஸ்ட் என்பது கை துடைக்கிற நூல் கழிவு. விசைத்தறி ஓடுகிற ஊரில் அதற்கா பஞ்சம்? அன்றைக்குத் திணித்ததை எடுக்க மறந்து மூட்டிவிட்டார். வண்டி ரயில்வே கேட்டைத் தாண்டவில்லை, இன்ஜினுக்குக் காற்றை ஊதித் தள்ளுகிற டர்போ நூலை விழுங்கி உயிரை விட்டது.

அண்ணாச்சிக்குக் கோவில் மைக்கில் அறிவிப்புச் சொல்கிற குரல். "பொம்பளப் பிள்ளய வேலைக்கு வச்சது எந்தப்பு டாக்டரம்மா. துணிய உள்ள வச்சுத் தச்சிட்டா" என்று தெரு முழுக்கக் கேட்கச் சொன்னார். டாக்டர் கத்தவில்லை. மருந்துச் சீட்டு எழுதுகிற நிதானத்தோடு செல்வியைப் பார்த்து, "உன்ன நம்பி ஒரு தெர்மாமீட்டரக்கூடக் குடுக்க மாட்டேம்மா" என்றார்.

வேலை போனதை அவள் ஒருவேளை மன்னித்திருப்பாள். டாக்டர் இன்றைக்கும் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அடங்கவில்லை. அண்ணாச்சி தன் வாயால், அதே டாக்டரின் முகத்தைப் பார்த்து, "நான்தான் வைத்தேன்" என்று சொல்ல வேண்டும். சொந்தமாக ஷெட் போட்டதே, அது நடக்கிறவரைக்கும் ஊரை விட்டுப் போய்விடக் கூடாது என்கிற வீம்பில்தான்.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்த வாரம், பேக்கரி வைத்திருக்கிற பெனிட்டா தன் டர்போ காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். நின்ற கார் நிற்கவில்லை. மலேரியாக்காரன் மாதிரி உதறியது.

"அக்கா, ஓடும்போது ராசா மாதிரி போகுது. பஸ் ஸ்டாண்டு முக்குல நின்னா மட்டும்..." பெனிட்டா உதட்டைக் குவித்தாள். "டுபு டுபு டுபு... டுக்கு... டுபு."

"அந்த டுக்கு எத்தன டுபுக்கு ஒருக்கா வருது?"

"எண்ணலியேக்கா."

"எண்ணாம என்னத்தட்டி கேட்டே?"

பெனிட்டா மறுபடி காதைக் கொடுத்துக் கேட்டாள். மூன்று டுபுக்கு ஒன்று, அப்புறம் எட்டுக்கு ஒன்று, அப்புறம் ரெண்டுக்கு ஒன்று. கணக்கில் அடங்கவில்லை.

"இதுக்கு முன்னால யாரு கை வச்சா?"

"ஒரே ஆளுதாங்க்கா. பிளக் மாத்துனாரு, கேக்கல. காயில் மாத்துனாரு, கேக்கல. குழாயெல்லாம் கழத்தி கிளீன் பண்ணாரு, அதுக்குப் பொறவு இன்னும் மோசம். இப்ப டர்போவே போச்சுங்காரு."

"நாலு பேரு கை வச்சுக் கொதறுன..." என்று செல்வி ஆரம்பித்தாள்.

"நாலு பேரு இல்லக்கா. தங்கப்பழம் அண்ணாச்சி மட்டுந்தான்."

அந்த வசனம் பாதியில் நின்றது அதுதான் முதல் தடவை.

ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தாள். பெட்ரோல் எரியாமல் தவறுகிற மிஸ்ஃபயர் ஒரு சிலிண்டரில் என்றால் பிளக்கையோ காயிலையோ சந்தேகப்படலாம். இது மூன்று சிலிண்டரிலும் மாறி மாறி விழுந்தது. பெனிட்டாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திருவேங்கடம் ரோட்டில் மிதித்தாள். கரிசக்காடு இரண்டு பக்கமும் பின்னால் ஓடியது. டர்போ சன்னமாக விசிலடித்துக்கொண்டு இழுத்தது.

"டர்போ செத்திருந்தா இந்த இழுவ வருமா?" என்றாள் செல்வி. "ஓடும்போது காத்துக்கு வாசல் முழுசாத் தொறந்து கெடக்கு. நிக்கும்போது கதவ ஒருக்களிச்சுச் சாத்திருது, அந்த இடுக்கு வழியாத்தான் மூச்சு. இடுக்குல என்னமோ கெடக்கு."

ஷெட்டுக்குத் திரும்பி, இன்ஜின் ஆறியதும், காற்றுக்குக் கதவான த்ராட்டிலுக்கு வருகிற குழாயின் கிளாம்பைத் தளர்த்தி டார்ச் அடித்தாள். குழாய் வாயில் கிளாம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டு ஒரு நூல் கத்தை. அதன் வால் மட்டும் உள்ளே தொங்கி, கதவு சாத்தும்போதெல்லாம் இடுக்கில் போய்ப் படுத்துக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தாள். வந்தது, இன்னும் வந்தது, ஒரு முழம் வந்தது. எண்ணெயில் ஊறியும் நிறம் போகவில்லை. கிளிப்பச்சையும் அரக்கும்.

செல்வி அங்கே கிடந்த டயரின் மேல் உட்கார்ந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. பெனிட்டா பயந்துபோனாள். "என்னக்கா, அழுதியளா?"

"சிரிக்கேன். ஒனக்கு இந்த நூலு வேணுமா?"

"எனக்கு எதுக்குக்கா?"

"அப்ப எனக்கு வேணும்."

குழாயை மாட்டி ஸ்டார்ட் பண்ணினாள். குடித்துக்கொண்டிருந்த டீ கிளாஸை இன்ஜின் மேல் வைத்தாள். டீயில் ஒரு சுளிப்பு இல்லை.

மறுநாள் காலையில் ஷெட் வாசலில், கண் உயரத்தில் ஆணியடித்து, அந்தக் கத்தையைத் தொங்கவிட்டாள். எதுவும் எழுதவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் பக்கத்துத் தறிக்கூடத்திலிருந்துதான் வேஸ்ட் வரும். செல்வி ஷெட்டில் துண்டுத் தறியின் வெள்ளை நூல். கிளிப்பச்சையில் அரக்குக் கரை வைத்த சேலை ஓடுகிற தறி, அண்ணாச்சியின் சுவரை ஒட்டி மட்டுந்தான். மெக்கானிக்குகள் வந்தார்கள், நிறத்தைப் பார்த்தார்கள், எங்கே கிடந்தது என்று கேட்டார்கள். "பெனிட்டா கார்ல" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. மத்தியானத்துக்குள் டீக்கடையில் பேச்சு அதுவாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் அண்ணாச்சியே வந்தார். மைக்கை யாரோ அணைத்துவிட்டிருந்தார்கள்.

"ஏட்டி செல்வி, அதக் கழத்து."

"எத, அண்ணாச்சி?"

"அந்த நூல."

"அதுல உங்க பேரு எழுதிருக்கா?"

"வண்டி எடுக்க வாரவன்லாம் வேஸ்ட் உள்ள கெடக்கான்னு டார்ச் அடிச்சுப் பாக்கான். தொழில் பண்ண முடியல."

"பாத்து எடுத்துட்டுப் போறது நல்லதுதான."

அண்ணாச்சி ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஒரு அடி முன்னால் வந்தார். குரல் இன்னும் இறங்கியது. "சரி. அன்னைக்கு டாக்டரம்மா வண்டிலயும் நாந்தான் வச்சேன். எடுக்க மறந்துட்டேன். சொன்னா கடைய மூடிருக்கணும். நீ சின்னப் பிள்ள, எங்கயாவது பொழச்சிக்கிடுவன்னு நெனச்சேன். மன்னிச்சிருட்டி. இப்ப எறக்கு."

ஒன்பது வருடம் அவள் கேட்க ஏங்கிய வார்த்தை. காதில் விழுந்தது, வயிறு நிறையவில்லை. அவள் வெள்ளை வேஸ்ட்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்தாள். அண்ணாச்சி அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். துடைத்து முடித்தபின் சொன்னாள்:

"எங்காதுல சொல்லி என்னத்துக்கு அண்ணாச்சி, வச்சது யாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தெரியாதது டாக்டரம்மாவுக்குத்தான். நீங்க ரோட்டத் தாண்டி வரும்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுட்டேன், நாளைக்குக் காலைல பத்து மணிக்கு உங்க பேருல டோக்கன் இருக்கு, ஏழாம் நம்பரு. பிள்ளைக்கு என்ன வயசுன்னு கேட்டாங்க, அம்பத்தாறுன்னு சொல்லிருக்கேன். கூச்சப்படாம பிள்ளைகளோட பெஞ்சுல உக்காருங்க, பேரு கூப்பிட்டதும் உள்ள போயி, எங்கிட்ட சொன்னத அந்த அம்மா மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. அவுக எனக்குப் போன் அடிச்ச நிமிசம் நூல எறக்குதேன்."