புற்றுக்காளானும் கங்காணி வீட்டு முட்டைக் குழம்பும்

புற்றுக்காளானின் குடை சுண்டுவிரல் நகமளவுதான் இருக்கும். வெள்ளை நிறம், நடுவில் மட்டும் சாம்பல் பூத்த சின்ன முனை. காம்பு தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன். விரிந்தால் ஓரம் கீறிக்கொள்ளும். அடியிலுள்ள மடிப்புகள் முற்றினால் இளஞ்சிவப்பாகும். மலாயாவில் பெக்கோக் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், கறையான்கள் வெளியே தள்ளிய மண்மேல், பெருமழைக்குப் பிறகு நூற்றுக்கணக்கில் முளைக்கும். தனியாக ஒன்று நின்றால் அது இதுவல்ல. இதை நான் அடித்துச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் காளானால் என் குடித்தனமே தெருவுக்கு வரப் பார்த்தது.

கல்யாணமாகி, தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்துக்கு நான் வந்து ஆறு மாதம். முப்பதுகளின் தொடக்கம், தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே தள்ளினால் எங்களுக்குப் போக இடமில்லை.

அன்று காலை ஒரு கூடை பறித்துவந்து, பாதியைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்தேன். மீதியில் நான்கு வாத்து முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினேன். நானும் என் வீட்டுக்காரரும் வயிறாரச் சாப்பிட்டோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிற்பகலில் அக்காவும் அவர் புருஷனும் மாறி மாறி வாந்தி எடுத்தார்கள்.

எங்களை மேய்க்கும் கங்காணி வந்துவிட்டார். பின்னாலேயே அவர் மனைவி, கையில் வெள்ளிக்காசோடு. காளானோடு வெள்ளிக்காசைப் போட்டுச் சூடாக்கும்போது காசு கறுத்தால் விஷம். எங்கள் லயத்தில் அதுதான் சோதனை. என் சட்டியில் மிச்சமிருந்ததில் போட்டார்கள். கறுத்துவிட்டது.

“பாத்தீங்களா! சாயங்காலத்துக்குள்ள வீட்டக் காலி பண்ணிட்டு ரெண்டு பேரும் கெளம்புங்க” என்றார் கங்காணி.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வந்ததே கோபம்! முட்டை உடைக்கும் நாளெல்லாம் என் வெள்ளி மோதிரம் கறுத்துப்போகும். புளி போட்டுத் தேய்த்தே என் விரல் நொந்திருக்கிறது.

“அம்மா, இன்னைக்கு உங்க வீட்டுல என்ன கொழம்பு?” என்று கங்காணி மனைவியைக் கேட்டேன்.

“முட்டக் கொழம்பு. அதுக்கென்ன இப்ப?”

“கொண்டாங்க. அதுலயும் காசப் போட்டுப் பாத்துடலாம்.”

“போட்டுத்தான் பாப்போமே!” என்று கூடியிருந்தவர்கள் விடவில்லை. குழம்பு வந்தது. காசைச் சாம்பலால் பளபளவென்று தேய்த்துப் போட்டு, அடுப்பில் வைத்தேன். கறுத்தது! அந்தக் குழம்பில் மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டிருந்த கங்காணியின் கை தானாக வயிற்றுக்குப் போனது. லயமே சிரித்தது.

“அப்ப இவங்க ஏன் வாந்தி எடுக்குறாங்க?” என்று அவர் சீறினார்.

நான் நேரே அக்காவின் சமையலறைக்குப் பின்னால் போனேன். குப்பையில் கழித்துப்போட்ட காளான் துண்டுகள் கிடந்தன. உள்ளங்கை அகலக் குடை, அடி மடிப்பெல்லாம் பச்சை. ஒன்றைக் கொண்டுவந்து எல்லார் முகத்துக்கும் நேரே நீட்டினேன். பாயில் சுருண்டு கிடந்த அக்காவின் புருஷன் முனகினார்.

“நீ குடுத்தது பத்தாதுன்னு, மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால இருந்தத நாந்தான் பறிச்சுச் சேத்தேன்மா.”

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தில் அந்த மனிதர் நோயாளி என்பதே மறந்துபோனது.

“சரி சரி, முடிஞ்சிருச்சில்ல. போங்க, போங்க” என்று கங்காணி எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

“நாங்க எங்கங்க போறது? இது எங்க வீடு. நீங்கதான் போகணும்” என்றேன்.

போனார்.